சுசுகி டிஎஃப் 9.9பி வெளிப்பொருத்து மோட்டார்: முதல் பத்து மணி நேரத்தை வைத்து ஒரு மதிப்பீடு

பாம்பன் வடகடலில் (பாக் விரிகுடாவில்) நண்டு வலைக்குச் செல்லும் எங்கள் பதினெட்டு அடி ஃபைபர் படகுக்கு, பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரைக் கழித்துவிட்டு, சுசுகி நிறுவனத்தின் டிஎஃப் 9.9பி என்ற நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை வாங்கினோம். இதன் வேகத்தையும் எரிபொருள் செலவையும் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. விற்பவர்களே அதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். பெட்டியிலிருந்து எடுத்த மோட்டாரை முழு வேகத்தில் தொழிலுக்கு விடுவதற்கு முன்பாக இருக்கும் பழக்கும் காலத்தைப் பற்றி மட்டும் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். அந்தக் காலத்தை இந்த மோட்டார் எவ்வளவு எளிதாக்குகிறது, எங்கே திணற வைக்கிறது, விற்ற கடை அதில் எந்த அளவுக்கு உதவியது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான், கொடுத்த விலை தகுமா என்று என்னால் முடிவு செய்ய முடிந்தது.

மோட்டாரைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிலிண்டர், 327 சி.சி. கொள்ளளவு. இதே அடிப்படை எஞ்சினைத்தான் இந்த நிறுவனம் 15, 20 குதிரைத்திறன் மாடல்களுக்கும் பயன்படுத்துகிறது, எனவே 9.9 குதிரைத்திறனில் ஓடும்போது அது மூச்சு வாங்காமல் வேலை செய்கிறது. எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு இருந்தும் பேட்டரி தேவையில்லை, கயிற்றை இழுக்கும்போது உண்டாகும் மின்சாரமே போதும். விடியற்காலையில் சோக்கை இழுத்துவிட்டு, கை வலிக்க வலிக்கக் கயிற்றை இழுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எடை 44 கிலோவில் தொடங்குகிறது, நீண்ட தண்டு கொண்ட மாடல் சற்றுக் கூடுதல். நாங்கள் முன்பு வைத்திருந்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் இதைவிட எடை குறைந்தது. கரையிலிருந்து தோளில் சுமந்து போய்ப் படகின் பின்பலகையில் மாட்டும்போது அந்த வேறுபாடு முதுகில் தெரிகிறது.

இனி கடை. பெயர் சொல்லப்போவதில்லை. இந்த வகை மோட்டார்கள் தொழிற்சாலையிலிருந்து ஆயில் நிரப்பப்படாமல்தான் வருகின்றன. விற்பனையாளர் நிரப்பி, அளவு பார்த்து, ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. கடையில் ஆயிலை நிரப்பினார்கள் என்பது உண்மைதான், ஆனால் மோட்டாரைப் படுக்க வைத்த நிலையிலேயே அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மோட்டார் நேராக நின்று, ஆயில் கீழே இறங்கிய பிறகு பார்க்கும் அளவுதான் அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து தாங்கியில் நிறுத்திப் பார்த்தபோது குறைந்தபட்சக் கோட்டுக்குச் சற்று மேலே மட்டுமே ஆயில் நின்றது. புது மோட்டார் வாங்குபவர்கள் அளவுக் குச்சியைத் தாங்களே துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்காமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது.

அதே கடையில் விற்பனையில் இருந்த அண்ணன் ஒருவர், முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்து ஊற்றுங்கள், எஞ்சின் இளகும் என்று அக்கறையோடு சொன்னார். அவர் சொன்னது காற்றில் முளைத்த ஆலோசனை அன்று. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் பெட்ரோலோடு கலந்து சென்றுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புத் தருகிறது. பல மாடல்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பது வழக்கமான கலவை. பழக்கும் காலத்தில் மட்டும் அதை 25 பங்குக்கு 1 பங்கு என்று இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். 24 லிட்டர் டேங்க்குக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் என்று ஊற்றிப் பழகிய தலைமுறை நம்முடையது. ஆனால் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் அடியில் தனியாக இருக்கிறது, பம்ப் அதை மேலே ஏற்றுகிறது. பெட்ரோலில் கலந்த ஆயில் அங்கே செய்வது பிளக்கில் கரி ஏற்றுவதும் புகையைக் கூட்டுவதும்தான். இன்ஜெக்டர் வைத்த மோட்டாரில் தொடக்கத்திலேயே அதைச் செய்வது வீண் விஷப்பரீட்சை. கடைக்காரரின் வாயில் இரண்டு ஸ்ட்ரோக் காலத்து வழக்கம் இன்னும் மாறவில்லை என்பதையே இது காட்டுகிறது.

கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. புது மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, காலை முதல் மாலை வரை நியூட்ரலில் ஓடவிட்டு, பழக்கியாயிற்று என்று கடலுக்குக் கொண்டுபோவார்கள். பார்க்க நிதானமானதாகவும் பாதுகாப்பானதாகவும் தோன்றும் இந்த வழக்கம்தான் எல்லாவற்றிலும் தவறானது என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருக்காது. தொழிற்சாலையிலேயே அதில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நுண்ணிய கீறல்களைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கீறல்களில் ஆயில் தங்குகிறது. கீறல்களின் மேல்முனைகளைப் பிஸ்டன் ரிங்குகள் தேய்த்துச் சமப்படுத்தி, தங்களுக்கேற்ற இடத்தை அமைத்துக்கொள்கின்றன. கொத்தி வந்த அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கழுவிய பிறகே மசாலா அரைப்பதைப் போன்ற வேலை இது. இந்தத் தேய்மானம் சீராக நடக்க வேண்டுமானால் ரிங் சுவரோடு அழுந்தியிருக்க வேண்டும். ரிங்கின் சொந்த விறைப்பு அதற்குப் போதாது. எரிபொருள் வெடிக்கும்போது உண்டாகும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது, அந்த அழுத்தம்தான் வேலையைச் செய்கிறது. சுமையே இல்லாமல் நியூட்ரலில் ஓடும் மோட்டாரில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. ரிங் சுவரைத் தடவிக்கொண்டே போகும். இடையில் தங்கிய ஆயில் சூட்டில் வெந்து, கீறல்களை மூடிக் கண்ணாடி போன்ற மெருகாகப் படிந்துவிடும். அப்படி ஒருமுறை மெருகேறிய சிலிண்டரில் ரிங் பிறகு உட்காருவது கடினம். மோட்டார் ஆயில் குடிக்கத் தொடங்கும், வாயு கீழே கசியும், சக்தி குறையும். அதற்கு எதிர்ப்பக்கமாக, முதல் நாளே முழு ரேஸ் கொடுத்து நீண்ட நேரம் ஓட்டினால், இன்னும் சமப்படாத முனைகள் உரசி உண்டாகும் சூடு வெளியேற வழியின்றி ஒரே இடத்தில் குவிந்து, பிஸ்டனிலும் சுவரிலும் கோடு விழச் செய்யும். ஆக, பழக்குவது என்றால் மெதுவாக ஓட்டுவது என்று சுருக்கிப் புரிந்துகொள்வதில்தான் நம் ஊரில் பிழை நேர்கிறது. சுமை கொடுக்க வேண்டும், கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும், இடையிடையே சூடு தணிய விட வேண்டும்.

சுசுகி கையேடு சொல்லும் முறை இதற்கு ஒத்துப்போகிறது. மொத்தம் பத்து மணி நேரம். குளிர்ந்த மோட்டாரை இயக்கியதும் ஐந்து நிமிடம் போலச் சூடேற விட வேண்டும். பிறகு சுமார் பதினைந்து நிமிடம் கியரில் போட்டுக் குறைந்தபட்ச வேகத்தில் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் மீதமுள்ள ஒன்றே முக்கால் மணி நேரமும் அரைத் திராட்டிலுக்குள் (வேகக் கைப்பிடியின் பாதித் திருப்பலுக்குள்), அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள் இருக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் முக்கால் திராட்டில், 4,000 சுற்று வரை போகலாம். கடைசி ஏழு மணி நேரத்தில் விரும்பிய வேகத்தில் ஓட்டலாம், முழுத் திராட்டிலும் அவ்வப்போது கொடுக்கலாம், ஆனால் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. எல்லாக் கட்டத்திலும் கியரில் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். டிரம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. வேறு நிறுவனங்களின் எண்கள் சற்று மாறுபடும். யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் கையேடுகள் முதல் மணி நேரத்தை 2,000 சுற்றிலும் இரண்டாம் மணி நேரத்தை 3,000 சுற்றிலும் நிறுத்துகின்றன. மெர்க்குரி முதல் மணி நேரத்திலேயே 3,500 வரை அனுமதித்து, இரண்டாம் மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் முழுத் திராட்டில் கொடுக்கவே சொல்கிறது. எண்கள் வேறானாலும், படிப்படியாக ஏற்றுவது, ஒரே வேகத்தில் நிற்காமலிருப்பது, முழு வேகத்தை ஐந்து நிமிடத்தில் அறுப்பது என்ற அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். உங்கள் மோட்டாருக்கு உங்கள் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். பக்கத்துப் படகுக்காரர் வேறு மாடல் வைத்திருப்பார்.

கையேட்டைப் படித்துவிட்டுப் படகில் உட்கார்ந்ததும் முதல் சிக்கல் எழுகிறது. 3,000 சுற்று என்பதை எதை வைத்து அறிவது? கைப்பிடியால் திருப்பி ஓட்டும் இந்த அளவு மோட்டாரில் சுற்றுக் காட்டும் மீட்டர் உடன் வருவதில்லை. நான் கரையில் மோட்டாரை அணைத்த நிலையில் கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பார்த்து, பாதியிலும் முக்காலிலும் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டேன். சிவப்புக் கோடு விடியற்காலை இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது. அதோடு, பிளக் வயரில் கம்பி சுற்றி அளக்கும் மலிவான சிறு டேக்கோமீட்டர் ஒன்றையும் வாங்கி மாட்டினேன். இரண்டையும் ஒப்பிட்டபோது ஒன்று தெளிவானது: அரைத் திராட்டிலும் 3,000 சுற்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. வெறும் படகில் பாதித் திருப்பலுக்கு முன்பே சுற்று 3,000 ஐத் தாண்டிவிடுகிறது. வலையும் ஐஸ் பெட்டியும் இரண்டு ஆளும் ஏறிய படகில் அதே திருப்பலுக்குச் சுற்று குறைவாக வருகிறது, ஆனால் எஞ்சின் அதிகம் உழைக்கிறது.

இந்த இரண்டாவது நிலைதான் நம் படகுகளுக்குக் கவலைக்குரியது. கையேடுகளை எழுதுபவர்களின் மனத்தில் இருப்பது, சற்று ரேஸ் கொடுத்ததும் அலையின் மேல் ஏறி மிதந்து பறக்கும் இலேசான உல்லாசப் படகு. படகை மேலே ஏற்றுவதற்காக ஒரு கணம் வரம்பைத் தாண்டலாம், ஏறியதும் உடனே குறைத்துவிடுங்கள் என்று அதற்கு ஒரு சலுகையும் தருகிறார்கள். சுமையேற்றிய மீன்பிடிப் படகு 9.9 குதிரைத்திறனில் அப்படி ஏறாது, தண்ணீரை உழுதுகொண்டே போகும். அதனால் திராட்டில் குறைவாக இருந்தாலும் எஞ்சின்மேல் சுமை தொடர்ந்து நிற்கிறது. முதல் மூன்று மணி நேரத்துக்குப் பாதி வலையை மட்டும் ஏற்றிச் செல்வதும், நெடுந்தூர மீன்பிடிக்குப் போகாமல் கரையோரமாகவே தொழில் பார்ப்பதும் நல்லது. வருமானம் குறையும் என்பது உண்மை. முழுச் சுமையோடு முதல் நாளே போய், கைப்பிடியைக் கோட்டுக்குள் வைத்திருந்தேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எஞ்சினுக்குத் தெரியாது.

அதே நேரம் நண்டு வலைத் தொழிலுக்கும் பழக்கும் முறைக்கும் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. முந்தைய நாள் விட்ட வலையை நோக்கிப் போகும்போது சீரான ஓட்டம். வலையை இழுக்கும்போது நியூட்ரல், பின்பு சிறிது முன்னோட்டம், மறுபடி நியூட்ரல். ஒரு வலைக்கும் அடுத்த வலைக்கும் இடையில் சற்று ரேஸ். கரைக்குத் திரும்பும்போது பிடித்த நண்டின் எடையோடு மீண்டும் சீரான ஓட்டம். கூட்டலும் குறைத்தலும் ஆறவிடுதலும் தொழிலின் இயல்பிலேயே வந்துவிடுகின்றன. உல்லாசப் படகுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதை வலைக்காரர் கவனியாமலே செய்துவிடுகிறார். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது திரும்பும் ஓட்டத்தில்தான். நண்டு வாங்கும் கம்பெனி வண்டி கரையில் காத்திருக்கிறது என்றால் கை தானாகவே கைப்பிடியை முழுதாகத் திருப்பிவிடும்.

வாங்கும் காலத்தையும் யோசித்தே தீர்மானிக்க வேண்டும். சோழகக் காற்று (தென்திசைக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்தாலும் வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடைக் காற்று (வடதிசைக் காற்று) தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். எதிரலையில் முட்டிக்கொண்டு போகும் படகில் அரைத் திராட்டில் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. உயிரையும் படகையும் காக்க வேண்டிய இடத்தில் எந்தக் கையேட்டையும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகவே வாடைக் காலத்துக்கென்று புது மோட்டார் வாங்குபவர்கள் அது தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிப் பழக்கி முடித்துவிட வேண்டும். எங்கள் கொள்முதல் சோழகக் காலத்தில் அமைந்தது எங்கள் சாமர்த்தியம் அன்று. மானியக் கடிதம் அப்போதுதான் வந்தது.

வடகடலின் இன்னொரு இயல்பு, ஆழம் குறைவு, அடியில் கடற்புல். மோட்டாரின் அடிக்காலில் உள்ள தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களில் புல்லும் பாசியும் ஒட்டிக்கொண்டால் குளிர்விக்கும் நீர் போதாமல் போகும். பழகிய மோட்டாருக்கே இது ஆபத்து, ரிங் உட்காரும் காலத்தில் இரட்டை ஆபத்து. மூடியின் பின்புறத் துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரை நான் இடையிடையே கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். வெதுவெதுப்பாக, ஒரே விசையோடு வர வேண்டும். விசை தளர்ந்து சூடு ஏறினால் உடனே நியூட்ரலுக்கு வந்து, அணைத்து, மோட்டாரைச் சாய்த்துத் துவாரத்தைத் துடைக்க வேண்டும். அதிகச் சூட்டுக்கும் ஆயில் அழுத்தக் குறைவுக்கும் எச்சரிக்கை அமைப்பு இந்த மாடலில் இருக்கிறது; ஆனாலும் எச்சரிக்கை வரும்வரை காத்திருப்பதைவிடக் கை நம்பகமானது. கரைக்கு வந்ததும் நன்னீர் இணைப்பில் குழாயை மாட்டி உப்பைக் கழுவுவது எளிதாக இருக்கிறது, இதை வடிவமைத்தவரைப் பாராட்டலாம்.

எரிபொருள் விஷயத்தில்தான் என் மனம் முழுதாகச் சமாதானம் அடையவில்லை. இது இந்த ஒரு மோட்டாருக்கு மட்டும் உரிய குறை அன்று. சுசுகி கையேடு 91 ஆக்டேன் ஈயமற்ற பெட்ரோலைக் கேட்கிறது, எத்தனால் கலந்திருந்தால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. நம் பங்க்கில் நிரப்புவது கையேடு சொல்லும் வரம்புக்குள் அடங்காது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் திறந்தும் மூடியும் கிடக்கும் டேங்க்கில் நீர் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும், குழாய் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். எத்தனால் கூடுவதால் கலவை மெலிவதும் எஞ்சின் சற்றுக் கூடுதல் சூட்டில் ஓடுவதும் புது மோட்டாருக்கு நல்லதில்லை. என்னால் செய்ய முடிந்தது இவ்வளவே: அன்றன்றைக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் வாங்குவது, டேங்க்குக்கும் மோட்டாருக்கும் இடையில் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை மாட்டுவது, கடலுக்குப் போகாத வாரங்களில் டேங்க்கைக் காலி செய்து வைப்பது. இந்தப் பெட்ரோலால் பழுது வந்தால் உத்தரவாதம் செல்லுமா என்று கடையில் எழுத்தில் பதில் கேட்டேன். வாயால் வந்த பதில் காகிதத்துக்கு வரவில்லை.

பழக்கும் காலம் பத்து மணி நேரத்தில் முடிந்தாலும், அதன் கணக்கு முதல் ஆயில் மாற்றத்தில்தான் தீர்கிறது. 20 மணி நேரம் அல்லது ஒரு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கியர் ஆயில் மூன்றையும் மாற்ற வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகும் முன்பு அளவுக் குச்சியைப் பார்ப்பது அவசியம். அளவு குறைந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறோம். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் அளவு ஏறினாலும் கவனிக்க வேண்டும். ரிங் இன்னும் சரியாக உட்காராத நிலையில் நீண்ட நேரம் குறைந்த வேகத்தில் ஓடினால், எரியாத பெட்ரோல் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். குச்சியை மூக்கருகில் கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுக்கும். அப்படியானால் 20 மணி நேரம் வரை காத்திராமல் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. எங்கள் மோட்டாரில் அளவு ஏறவில்லை. நம் கடலின் வெதுவெதுப்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் முறை வடித்த ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் போனது கருந்தேன் நிறத்தில் வந்திருந்தது. தட்டைச் சாய்க்கும்போது பின்தங்கும் மெல்லிய படலத்தில் மாவைவிட நுண்ணிய வெள்ளிப் பொடி மினுங்கியது. இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை. ரிங்கும் சுவரும் பேரிங்கும் ஒன்றுக்கொன்று இடம் செய்துகொண்டதன் மிச்சம் இது, இருக்க வேண்டியதுதான். விரலில் நறநறத்தாலோ, கண்ணால் எண்ணக்கூடிய துணுக்குகள் இருந்தாலோ மோட்டாரை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கியர் ஆயிலை வடிக்கும்போது கீழ்த் திருகை முதலில் கழற்றி, பிறகு மேல் திருகைத் திறக்க வேண்டும். நிரப்பும்போது கீழ்த் துளை வழியே அழுத்தி, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். வடியும் கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல்நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். திருகுகளின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசைப் பார்க்காதீர்கள்.

இந்த வேலையை விற்ற கடையில் செய்யாமல் வேறொரு பட்டறையில், நானும் உடனிருந்து செய்தேன். அந்தப் பட்டறைக்காரர் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாருக்குரிய, எஃப்.சி-டபிள்யூ தரக்குறி கொண்ட 10டபிள்யூ-40 ஆயிலைத் தேடிக் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் ஆயிலை ஊற்றி ஓட்டுபவர்களும் கரையில் உண்டு. ஈரமும் உப்பும் நிறைந்த இடத்தில் துருவைத் தடுக்கும் சேர்மானம் அதில் அதே அளவில் இருக்காது என்பதால் நான் அதை ஏற்கவில்லை.

பழகிய பிறகு மோட்டார் எப்படி இருக்கிறது? சத்தம் பழைய மோட்டாரின் பாதிகூட இல்லை. படகின் முன்பக்கம் நிற்கும் தம்பியோடு கத்தாமல் பேச முடிகிறது, புகை கண்ணைக் கரிப்பதில்லை. குறைந்த வேகத்தில் நடுங்காமல் நிற்பது வலை இழுக்கும்போது பேருதவி. பெட்ரோல் செலவு இரண்டு ஸ்ட்ரோக்கைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கிறது, கலக்கும் ஆயிலின் செலவும் போயிற்று. உடன் வரும் 12 லிட்டர் டேங்க் நம் தூரத்துக்குச் சிறியது. பெரிய டேங்க் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஓடிய மணி நேரத்தைப் படகிலேயே காட்டும் மீட்டர் இல்லாததால் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும், அந்த நோட்டு உத்தரவாதப் பேச்சிலும் பயன்படும். தொழிலுக்குப் பயன்படும் மோட்டாருக்கு உத்தரவாதக் காலம் பொதுவாகக் குறைவாகவே தருவார்கள் என்பதால், ரசீதில் என்ன வகை என்று எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிக் கிளம்பிய காலம் இதில் இல்லை. மின்னணு அமைப்பில் கோளாறு என்றால் அதற்குரிய கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அத்தகைய பட்டறை அரை நாள் பயணத்துக்குள் இல்லாத ஊர்க்காரர்களுக்கும், நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் டீசல் லாங்டெயில் எஞ்சினைத் தாங்களே பிரித்து மாட்டிப் பழகியவர்களுக்கும், தினமும் முழுச் சுமையோடு நெடுந்தூரம் ஓட்ட வேண்டியவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி வகையினருக்கு 9.9 குதிரைத்திறனே போதாது. கரையோர வலைத் தொழிலுக்கு, பக்கத்தில் பட்டறை இருந்து, முதல் மூன்று நான்கு நாள் பாதி வலையோடு போகும் வசதியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். வாங்கும் நாளில் மோட்டாரை நேராக நிறுத்தச் சொல்லி, அளவுக் குச்சியை நீங்களே இழுத்துப் பாருங்கள்; ஊற்றிய ஆயிலின் டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.